சும்மா உழைத்தால்தான் விளையாட்டுத் துறையில் இடம் கிடைக்குமா?

தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து 23 வயது வாசகி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

பள்ளி அணியிலும் பல்கலைக்கழக அணியிலும் ஹாக்கி ஆடியவர். முழங்கால் காயத்தால் ஆட்டம் நின்றது. ஆட முடியாவிட்டாலும் மைதானத்தை விட்டுப் போகக் கூடாது என்று விளையாட்டு மேலாண்மையில் முதுகலை முடித்தார். சென்னையில் லீக் அணிகளுக்கும் போட்டி அமைப்பாளர்களுக்கும் வேலை செய்து கொடுக்கும் ஒரு நிறுவனம், மூன்று மாதம் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் கொடுத்தது. பிறகு "திறமையைப் பார்த்து" வேலை தருவதாகச் சொன்னது. மூன்று ஆறானது. இப்போது ஏழாவது மாதம் நடக்கிறது.

முதல் ஆறு வாரம் ஓர் அனலிஸ்ட் பக்கத்தில் உட்கார வைத்து, ஆட்ட வீடியோவைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குறியிடுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார். அப்புறம் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அவருடைய நாற்காலியில், அவர் செய்த வேலையைச் செய்பவர் இவர்தான். போட்டி நாட்களில் அக்ரிடிடேஷன் கார்டு (மைதானத்துக்குள் நுழைவதற்கான அடையாள அட்டை) விநியோகம், வீரர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவது, சமூக ஊடகப் பதிவு எல்லாமே இவர் தலையில். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் நள்ளிரவு ஆகிவிடுகிறதாம். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 9,000 ரூபாய் வீட்டிலிருந்து வருகிறது. அப்பா டீக்கடை வைத்திருக்கிறார்.

சேரும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்: 'என் விருப்பத்தின் பேரில், ஊதியம் எதிர்பாராமல் சேர்கிறேன். இடையில் விலகினால் சான்றிதழ் கிடையாது, 50,000 ரூபாய் செலுத்துவேன்.' பட்டச் சான்றிதழின் அசலும் நிறுவனத்திடம் இருக்கிறது. "உடனே கிளம்பி வா" என்கிறார் அப்பா. "நாங்களும் இப்படித்தான் வந்தோம்" என்கிறார்கள் அலுவலகத்தில். கடைசி வரியில், சீனியர் ஒருவர் இரவில் அனுப்பும் செய்திகள் சங்கடமாக இருப்பதாகவும், 'நான்தான் ஊழியரே இல்லையே, யாரிடம் சொல்வது' என்றும் எழுதியிருக்கிறார். "இது நியாயமா, சட்டப்படி சரியா, நான் என்ன செய்ய வேண்டும்?" என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புத் தங்கைக்கு,

முதலில் என் வீட்டு அழுக்கைச் சொல்லிவிடுகிறேன். சம்பளமில்லாமல் இளைஞர்களிடம் வேலை வாங்குவதில் வக்கீல்களாகிய நாங்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. நான் ஜூனியராக இருந்த முதல் இரண்டு ஆண்டுகளில் தீபாவளிக்கு ஒரு வேட்டி சட்டையும், கோர்ட்டுக்குப் போய்வர பஸ் காசும்தான் கிடைத்தன. 'தொழில் கற்றுக்கொள்கிறாய், அதற்கு நீதான் காசு தர வேண்டும்' என்று சீனியர் வேடிக்கையாகச் சொல்வார். நானும் சிரிப்பேன். எங்கள் தொழிலில் இது ஒரு ஒழுங்குக்கு வருவதற்கே 2024 ஜூன் ஆயிற்று. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்சம் கொடுக்க வகை செய்யும்படி வழக்கறிஞர் மன்றத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே 'நாங்களும் இப்படித்தான் வந்தோம்' என்ற பேச்சை உள்ளேயிருந்து எனக்குத் தெரியும். தான் பட்டது வீண்போகவில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ள அது உதவும். அடுத்தவரிடம் சும்மா வேலை வாங்க அது உரிமை தராது.

'இன்டர்ன்' என்ற சொல்லுக்குப் பின்னால்

"இன்டர்ன்களுக்கு எந்தச் சட்டமும் கிடையாதாமே" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மை. நம் தொழிலாளர் சட்டங்கள் 'இன்டர்ன்' என்று ஒரு தனி வகையை வகுக்கவில்லை. ஆனால் ஒருவரை இன்டர்ன் என்று அழைத்தவுடன் அவர் சட்டத்துக்கு வெளியே போய்விடுவதும் இல்லை. பெயரை விட்டுவிட்டு, உண்மையில் என்ன நடக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். யார் யாருக்கு என்ன கொடுக்கிறார்கள்? அந்த வேலை இல்லாவிட்டால் நிறுவனம் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்குமா?

உங்கள் கதையில் இது பளிச்சென்று தெரிகிறது. முதல் ஆறு வாரம் நிறுவனம் தன் அனலிஸ்டின் நேரத்தை உங்களுக்காகச் செலவிட்டது. அது பயிற்சிதான், அதற்குச் சம்பளம் கேட்டு நான்கூட வாதாட மாட்டேன். அவர் போன பிறகு நிலைமை தலைகீழ். சம்பளம் வாங்கிய ஒருவரின் இடத்தை நீங்கள் நிரப்புகிறீர்கள், உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே ஆளும் இல்லை. வேலை அதே, நாற்காலி அதே, சம்பளம் மட்டும் காணோம். கடிதத்தில் இதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். உங்களிடம் உள்ளவற்றிலேயே பலமான சங்கதி இதுதான்.

இனி சட்டம். ஒரு நிறுவனம் பட்டதாரியைப் பயிற்சிக்கு எடுக்க முறையான வழி ஒன்று உண்டு: 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். அதன்படி ஒப்பந்தம் போட்டு, அரசு இணையதளத்தில் பதிவு செய்து, மாதாமாதம் ஸ்டைபண்ட் (பயிற்சிக் கால உதவித்தொகை) தர வேண்டும். 2019ஆம் ஆண்டு விதித் திருத்தம் பட்டதாரி பழகுநருக்கு வைத்த குறைந்தபட்சத் தொகையே 9,000 ரூபாய். உங்கள் அப்பா மாதாமாதம் அனுப்பும் அதே தொகை என்பதைக் கவனித்தீர்களா? அந்தப் பதிவு எதுவும் உங்களுக்கு நடந்ததாகத் தெரியவில்லை. அப்படியானால் நீங்கள் சட்டப்படியான பழகுநர் இல்லை. பழகுநரும் இல்லை, பாடத்திட்டத்தின் பகுதியாக வந்த மாணவியும் இல்லை என்றால், நாள்தோறும் நேரத்துக்கு வந்து நிறுவனத்தின் வேலையைச் செய்பவர் யார்? ஊழியர் என்றுதான் நான் வாதாடுவேன்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் இந்த வாதத்துக்குக் கை கொடுக்கிறது. பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டம், பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டும்தான். விளையாட்டு நிறுவனம் அந்தப் பட்டியலில் எங்கே வருகிறது என்பதிலேயே பாதி வழக்கு போய்விடும். புதிய தொகுப்பில் அந்தப் பட்டியல் இல்லை, எல்லா வேலைக்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு.

ஆனால் கையில் வெற்றி இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். 'ஊழியர்' என்பதற்கான விளக்கத்தில் ஊதியத்துக்காக வேலைக்கு அமர்த்தப்பட்டவர் என்ற கருத்து இருக்கிறது. "ஊதியமே பேசவில்லையே, அப்புறம் எப்படி ஊழியர்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். வேலை நிபந்தனைகள் வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ இருக்கலாம் என்று அதே விளக்கம் சொல்வதையும், "திறமையைப் பார்த்து வேலை" என்று அவர்கள் கொடுத்த வாக்கையும் வைத்து நாம் பதில் சொல்வோம். ஜெயிக்கக்கூடிய வாதம்தான். நிச்சயம் ஜெயிக்கும் என்று நான் எழுதினால் அது பொய்.

கையெழுத்துப் போட்டுவிட்டேனே என்று பயப்படுகிறீர்கள்

இந்தப் பயத்துக்கு மருந்து விளையாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் அரங்கங்கள் அவசர அவசரமாக எழும்பின. அங்கே வேலை செய்தவர்களின் நிலையை விவரித்து மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதிக்குக் கடிதம் எழுதியது. அந்தக் கடிதமே வழக்காயிற்று. நாள் கூலி 9 ரூபாய் 25 காசு என்று நிர்ணயித்திருக்க, இடைத்தரகர்கள் ஒரு ரூபாயை எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசைக் கொடுத்துவந்தார்கள். யாரும் யாரையும் கட்டிவைத்து வேலை வாங்கவில்லை, தொழிலாளர்கள் தாங்களாக வந்தவர்கள்தான். அப்படியிருந்தும் நீதிமன்றம் சொன்னது இது: சட்டப்படி உரிய குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே ஒருவர் உழைக்கிறார் என்றால் ஏதோ ஒரு நிர்ப்பந்தம் அவரைத் தள்ளியிருக்கிறது. பசியும் வறுமையும்கூட அப்படி ஒரு நிர்ப்பந்தம்தான். அதுவும் அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பில் அடங்கும்.

உங்கள் நிலையும் அவர்கள் நிலையும் ஒன்றல்ல. உங்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் உண்டு என்பதை முதலில் நிலைநாட்ட வேண்டும். அது நிலைநின்றுவிட்டால், 'ஊதியம் எதிர்பாராமல்' என்று கையெழுத்து வாங்கிய தாளால் அந்த உரிமையை அழிக்க முடியாது. உரிய தொகையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்று புதிய தொகுப்பே சொல்கிறது.

50,000 ரூபாய் விஷயத்தில் நண்பர்கள் சிலர் "பாண்டெல்லாம் சட்டப்படி செல்லாது" என்று தைரியம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே நம்பாதீர்கள். 2025 மே மாதம், பொதுத்துறை வங்கி ஊழியர் ஒருவர் வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே சொன்னது. ஆனால் அந்த வங்கி சம்பளம் கொடுத்தது, ஆளெடுக்கச் செலவு செய்தது. ஒருவர் விலகினால் மறுபடி தேர்வு நடத்தும் செலவும் அதற்கு இருந்தது. உங்களுக்கு ஒரு பைசா கொடுக்காத நிறுவனம், நீங்கள் போனதால் 50,000 ரூபாய் நஷ்டம் என்று எதைக் காட்டும்? ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும், தாளில் எழுதிய தொகை தானாகக் கைக்கு வந்துவிடாது. அதுவும் சேரும்போது பேசிய மூன்று மாதத்தை நீங்கள் எப்போதோ முடித்துவிட்டீர்கள். 'இடையில்' என்ற பேச்சே எழவில்லை.

அசல் சான்றிதழைப் பிடித்துவைக்க அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் வக்கீல் நோட்டீஸ். என் அனுபவத்தில் பெரும்பாலும் நோட்டீஸ் போன ஒரு வாரத்தில் கூரியரில் வந்து சேர்ந்துவிடும்.

நியாயமா என்றால்

நிறுவனத்தின் பக்கமும் கொஞ்சம் பேசிவிடுகிறேன். கிரிக்கெட்டைத் தாண்டினால் நம் ஊரில் விளையாட்டில் புழங்கும் பணம் சொற்பம்தான். ஸ்பான்சர் கடைசி நேரத்தில் கைவிரித்தால் போட்டி நடத்துபவர் கடனாளி. இதெல்லாம் நிஜம். ஆனாலும் அதே போட்டியில் பந்தல் போட்டவருக்கும், எல்இடி திரை வாடகைக்கு விட்டவருக்கும், பிரியாணி கொண்டுவந்தவருக்கும் பணம் போகிறது அல்லவா? "விளையாட்டு மேல் ஆசை இருக்கிறது, அதனால் சும்மா பந்தல் போடு" என்று யாரும் சொல்வதில்லை. ஆசை இருப்பவரிடம் மட்டும்தான் இந்தத் தள்ளுபடி கேட்கப்படுகிறது.

தன்னார்வலர்களை இதில் சேர்க்க வேண்டாம். 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் கேலோ இந்தியா போட்டிகள் நடந்தன. அப்படி ஒன்றில் ஒரு வாரம் டி-ஷர்ட் மாட்டிக்கொண்டு வழிகாட்டும் மாணவரை யாரும் சுரண்டியதாக நான் சொல்ல மாட்டேன். ஒரு வாரத்தில் முடிகிற வேலை, அவருக்கும் அனுபவம். ஏழு மாதம் தினமும் அலுவலகம் வருவது வேறு.

'கற்றுக்கொடுக்கிறோம், அதனால் காசில்லை' என்ற வாதம் வெளிநாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் மைனர் லீக் (முதன்மை லீக்குக்குக் கீழ்நிலை) பேஸ்பால் வீரர்களுக்கு, சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமில் முன்பு சம்பளம் கொடுக்கவில்லை. அது பயிற்சிதானே என்றது லீக் தரப்பு. 2014இல் வீரர்கள் வழக்குப் போட்டார்கள். எட்டு ஆண்டு கழித்து, பயிற்சிக் காலத்திலும் அவர்கள் ஊழியர்களே என்று நீதிபதி தீர்மானித்தார். 2022இல் 18.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், எட்டு ஆண்டு என்பதைக் கவனத்தில் வையுங்கள்.

என்னை உறுத்துவது வேறு ஒன்று. மாதம் 9,000 அனுப்ப ஒரு டீக்கடை அப்பா இல்லாவிட்டால் இந்த வேலையில் நீங்கள் முதல் மாதமே நின்றிருக்க மாட்டீர்கள். கோவில்பட்டிப் பக்கம் ஹாக்கி மட்டையோடு வளர்ந்த எத்தனை பெண்களுக்கு அந்த 9,000 கிடைக்கும்? பெனால்டி கார்னரைப் பார்த்தவுடன் புரிந்துகொள்ளும் கண் அவர்களிடம் இருக்கிறது, சென்னையில் தங்க இடமில்லை. இடமிருப்பவர் உள்ளே வருகிறார். பத்து ஆண்டு கழித்து, "கிராமத்திலிருந்து ஆட வருகிறார்கள், நிர்வாகத்துக்கு ஏன் வருவதில்லை?" என்று அதே துறை கருத்தரங்கம் நடத்தும்.

கடிதத்தின் கடைசி வரி

ஆறு பக்கத்தில் ஒரே வரியாக எழுதிய விஷயத்தில்தான் உங்கள் நினைப்பு முழுக்கத் தவறு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், சம்பளம் உண்டா இல்லையா என்று பார்ப்பதே இல்லை. ஊதியம் இல்லாமல் வேலை செய்பவர், தன்னார்வலர், பயிற்சி பெறுபவர் எல்லாரும் அதில் 'ஊழியர்' என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஊதிய விஷயத்தில் வாதாட வேண்டியிருக்கிறது, இங்கே வாதத்துக்கே இடமில்லை.

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதற்கும் குறைந்த நிறுவனம் என்றாலோ, புகார் முதலாளி மீதே என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும், தொடர்ந்து நடந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். மற்ற எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது, இதற்கு இல்லை. அந்தச் செய்திகளை அழிக்காதீர்கள். போனை மாற்றுவதாக இருந்தாலும் பழைய போனைப் பத்திரமாக வையுங்கள், ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. கொடுக்க வழியில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இனி என்ன செய்யலாம்

"புகார் கொடுத்தால் இந்தத் துறையில் என் பெயர் கெட்டுவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கெடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சின்ன உலகம், எல்லாருக்கும் எல்லாரும் தெரிந்தவர்கள். அதனால்தான் அவசரப்பட வேண்டாம் என்கிறேன். ஊதியக் கோரிக்கைக்குப் புதிய தொகுப்பு மூன்று ஆண்டு அவகாசம் தருகிறது. பழைய சட்டத்தில் ஆறு மாதம்தான் இருந்தது. இன்னொரு வேலையில் கால் ஊன்றிய பிறகுகூடத் தொழிலாளர் துறையை அணுகலாம். பெண் என்பதால் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார், 15100 என்ற எண்ணில் கேளுங்கள்.

அப்பா சொல்வதுபோல் நாளைக்கே பெட்டியைக் கட்ட வேண்டாம். இந்த மாதக் கடைசி வரை இருங்கள். அதற்குள் பணிப்பட்டியல், வேலை ஒதுக்கிய செய்திகள், உங்கள் பெயர் போட்ட அக்ரிடிடேஷன் கார்டுகளின் படம், அந்த அனலிஸ்ட் போன தேதி எல்லாவற்றையும் சேர்த்துவையுங்கள். ஆட்ட வீடியோக்களையும் அணியின் தரவுகளையும் மட்டும் தொடாதீர்கள். அவை நிறுவனத்தின் சொத்து. அதை எடுத்தால் நீங்கள் கேட்பவர் நிலையிலிருந்து பதில் சொல்பவர் நிலைக்கு வந்துவிடுவீர்கள். வேலை தேடும்போது காட்ட மாதிரி வேண்டுமென்றால், யூடியூபில் எல்லாரும் பார்க்கக் கிடைக்கும் ஆட்டம் ஒன்றை எடுத்து நீங்களே அலசி வையுங்கள். உண்மையைச் சொன்னால் சான்றிதழைவிட அதைத்தான் அடுத்த நிறுவனம் பார்க்கும்.

தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் இணையதளத்திலும் பதிவு செய்துவிடுங்கள். படிப்பு முடித்து ரொம்ப நாள் ஆகாததால் உங்களுக்கு அது திறந்திருக்கும். விளையாட்டு நிறுவனங்கள் அதில் குறைவுதான், நிகழ்ச்சி மேலாண்மையும் ஊடகமும் கிடைக்கலாம்.

நிறுவனத்துடன் பேச்சை நேரில் வைத்துக்கொள்ளாமல் மின்னஞ்சலில் தொடங்குங்கள். கோபம் வேண்டாம், நன்றியும் அளவோடு போதும். இப்படி எழுதலாம்:

'மூன்று மாத இன்டர்ன்ஷிப் முடிந்து நான்காவது மாதம் நடக்கிறது. இரண்டாவது மாதத்திலிருந்து வீடியோ பகுப்பாய்வு வேலையை நான்தான் தனியாகச் செய்துவருகிறேன். முடிந்த மூன்று மாதத்துக்கான சான்றிதழையும், என் பட்டச் சான்றிதழின் அசலையும் ஏழு நாட்களுக்குள் தர வேண்டுகிறேன். நான்காவது மாதத்திலிருந்து இன்றுவரை செய்த வேலைக்கான ஊதியத்தையும், இனித் தொடர்வதானால் பதவி, சம்பளம், வேலை நேரம் ஆகியவற்றையும் எழுத்தில் தெரிவியுங்கள். எழுத்தில் வராத பட்சத்தில் இம்மாதக் கடைசி நாளே என் கடைசி வேலைநாள்.'

உங்கள் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து அனுப்புங்கள், அலுவலக முகவரி வேண்டாம். அது மறுநாளே முடக்கப்படலாம். ஏழு நாளில் சான்றிதழ் வராவிட்டால் எனக்கு எழுதுங்கள், நோட்டீஸை நான் தயாரித்துத் தருகிறேன். கட்டணம் பற்றி யோசிக்க வேண்டாம். இந்த ஒருமுறை நானும் சும்மா வேலை பார்க்கிறேன்.